வயிறு நிறைந்தும் வளராத பிள்ளைகள்: தோட்டப்புறத்தில் சத்துக் குறைபாடும் சமூகப் பணியாளர்களின் வேலையும்

கோலா கெத்தில் - ஐந்து வயது நிரம்பிய பிள்ளையைச் சுவரோரமாக நிற்க வைத்து, தலைக்கு மேல் ஒரு புத்தகத்தை மட்டமாகப் பிடித்து, பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை டேப்பால் அளந்து பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அந்த வயதுப் பிள்ளை ஏறக்குறைய 110 செண்டிமீட்டர் இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், தவறில்லை. ஆனால் 100 செண்டிமீட்டரையே தொடவில்லை என்றால், அது வளர்ச்சி குன்றிய பிள்ளை.

“அவன் அப்பாவும் குள்ளம்தான், தாத்தாவும் குள்ளம்தான்” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது நம் வீடுகளில் வழக்கம். அந்தப் பதில் எப்போதும் சரியாக இருப்பதில்லை. 2006-ஆம் ஆண்டில் வெளியான இந்த வளர்ச்சி அளவுகோல், வெள்ளைக்காரப் பிள்ளைகளை மட்டும் அளந்து போட்டதல்ல. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்தார்கள். தாய்ப்பாலும் நல்ல உணவும் தடுப்பூசியும் சுத்தமான வீடும் கிடைத்த பிள்ளைகள், டில்லியில் பிறந்தாலும் ஓஸ்லோவில் பிறந்தாலும் முதல் ஐந்து வருடங்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். ஆகவே தாத்தா குள்ளமாக இருந்ததற்கே, தாத்தா சிறு வயதில் சாப்பிட்ட சாப்பாடு காரணமாக இருந்திருக்கலாம்.

மலேசியாவில் இது ஏதோ ஒரு மூலையில் நடக்கும் விஷயமும் அல்ல. சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார, நோய் நிலவர ஆய்வு 2016-இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 20.7 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருப்பதாகச் சொன்னது. 2019-இல் அது 21.8 விழுக்காடு. 2022-இல் 21.2 விழுக்காடு. ஐந்து பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். அதே 2022 ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தசோகை இருப்பதும் தெரிய வந்தது. இரட்டைக் கோபுரம் கட்டிய நாட்டில் இந்த எண்கள் பல வருடங்களாக அசையாமல் நிற்கின்றன.

பாலிங் மறக்காத ஒரு நவம்பர்

கெத்தில் ஆறு மூடா ஆற்றில் போய்க் கலக்கும் இடம்தான் நம் கோலா கெத்தில். பாலிங் மாவட்டத்தில் இருக்கிறது. பசி என்றதும் நாட்டின் அரசியல் வரலாற்றில் முதலில் வந்து நிற்கும் பெயரும் பாலிங்தான். 1974 நவம்பரில் ரப்பர் விலை சரிந்து கிடந்தது. அரிசி, சீனி, மாவு விலையெல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன ரப்பர் நிலம் வைத்திருந்த கிராமத்து மக்கள் ஆயிரக்கணக்கில் பாலிங் பட்டணத்தில் திரண்டார்கள். குடும்பங்கள் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்பதாகவும் பிள்ளைகள் பட்டினியால் இறந்ததாகவும் செய்தி பரவியது. பட்டினிச் சாவு இல்லை என்று அரசாங்கம் மறுத்தது. டிசம்பர் 3-ஆம் தேதி கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கைதானவர்களில் அன்வார் இப்ராஹிமும் ஒருவர்.

அன்று ஊர்வலம் போனவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரக் கிராமத்து மக்கள். ஆனால் அதே ரப்பர் விலையோடு சம்பளம் கட்டப்பட்டிருந்த நம் தோட்டத்து வீடுகளிலும் அந்த மாதங்களில் அடுப்பு நன்றாக எரிந்திருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

அந்தப் பசி கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது இருப்பது கண்ணுக்குத் தெரியாத பசி. இன்றைக்குத் தோட்டத்திலோ பட்டணத்துக் குறைந்த விலை வீட்டிலோ சோறு இல்லாத வீடு அபூர்வம். சோற்றோடு என்ன இருக்கிறது என்பதில்தான் பிரச்சினை. காலையில் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட். மதியம் சோறும் சாம்பார் தண்ணியும். மாலையில் இரண்டு காசுக்குக் கிடைக்கும் குருப்பு பாக்கெட். இரவில் மெகி. பிள்ளை ‘சாப்பிடுகிறது’, வயிறு நிறைகிறது. உடம்பு கட்டுவதற்கான புரதம், இரும்புச்சத்து, துத்தநாகம், நல்ல கொழுப்பு எதுவும் உள்ளே போகவில்லை.

தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் குறைகள் ஆயிரம் இருந்தாலும், ஆயாக்கொட்டகை என்று ஒன்று இருந்தது. பால் மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் விடிவதற்கு முன்னே பிள்ளையை அங்கே விட்டுப் போவார்கள். வீட்டுக் கொல்லையில் முருங்கை நின்றது, கோழி மேய்ந்தது. ரப்பர் செம்பனையாக மாறி, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் சுங்கை பட்டாணிப் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு நகர்ந்த பிறகு, கொட்டகையும் போயிற்று, கொல்லையும் போயிற்று. மூன்றாவது மாடி வீட்டில் கோழி வளர்க்க முடியாது. தாய் இரவு ஷிப்டு, தகப்பன் லாரி. பிள்ளையைப் பார்ப்பது பாட்டி அல்லது பத்து வயது அக்கா.

2018-இல் யுனிசெஃப் அமைப்பு கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் நடத்திய ஆய்வு இதே கதையைத்தான் சொன்னது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள். அதே வீடுகளில் 23 விழுக்காட்டுப் பிள்ளைகள் மிகை எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். ஒரே அடுக்குமாடியில், சில நேரம் ஒரே வீட்டில், ஒரு பிள்ளை குள்ளமாகவும் ஒரு பிள்ளை குண்டாகவும் இருக்கும். காரணம் ஒன்றே: மலிவான மாவும் சீனியும் எண்ணெயும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

கரு உண்டான நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரை கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆயிரம் நாள். மருத்துவர்கள் ஏன் இந்த ஆயிரம் நாளைப் பற்றியே பேசுகிறார்கள் என்றால், மூளையின் பெரும்பகுதி அப்போதுதான் கட்டப்படுகிறது. நரம்புக்கு மேல் உறை போடுவதற்குக் கொழுப்பு வேண்டும். மூளை அணுக்கள் வேலை செய்ய இரும்புச்சத்து வேண்டும். அந்த நேரத்தில் கிடைக்காததைப் பிறகு கொடுத்தால் முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை. ஏழு வயதில் சத்து மாத்திரை கொடுத்து எடையை ஏற்றிவிடலாம். இரண்டு வயதில் விட்ட உயரத்தைப் பிடிப்பது கடினம்.

முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் உட்கார்ந்த இடத்திலேயே தூங்குகிறான், எழுத்து ஏறவில்லை, மற்ற பிள்ளைகள் ஓடும்போது இவன் படியில் உட்கார்ந்திருக்கிறான். ‘மந்தம்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். அவனுக்கு இரத்தத்தில் இரும்பு இல்லாமல் இருக்கலாம். வயிற்றில் பூச்சி இருக்கலாம். ஆசிரியரின் பிரம்போ தாயின் திட்டோ அதைச் சரி செய்யாது.

அடுத்தது நோய். சத்தில்லாத உடம்பு கிருமியை எதிர்க்காது. பேதி வந்தால் நான்கு நாளில் போக வேண்டியது பத்து நாள் இழுக்கும். அந்தப் பத்து நாளும் பிள்ளை சாப்பிடாது. எடை இன்னும் இறங்கும். அடுத்த மாதம் இருமல் வரும். இந்தச் சுழல்தான் ஆபத்து. உலகில் ஐந்து வயதுக்கு முன்பே இறந்துபோகும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதி மரணங்களுக்குப் பின்னால் சத்துக் குறைபாடு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் கிளினிக்கும் தடுப்பூசியும் இருப்பதால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பலவீனமாகப் பிழைக்கிறார்கள்.

நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 2019 ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. மூன்று இனங்களில் நாம்தான் முதலிடம். இதற்கு ரொட்டி சானாயையும் தே தாரிக்கையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் முற்றுகையால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளை, அவர்கள் ஐம்பது வயதைத் தொட்டபோது சோதித்துப் பார்த்தார்கள். அவர்களின் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கத் திணறியது. புனே நகரில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் கண்டது இன்னும் நெருக்கமானது: எடை குறைவாகப் பிறக்கும் இந்தியக் குழந்தைக்குத் தசை குறைவு, ஆனால் உடலில் கொழுப்பு மட்டும் குறையவில்லை. பற்றாக்குறையில் உருவான உடம்பு, பின்னாளில் சீனி கொட்டும் உலகத்தில் வாழ வேண்டி வரும்போது சீக்கிரம் தோற்றுப்போகிறது. கர்ப்பிணியின் தட்டில் முட்டை இல்லாததற்கும், ஐம்பது வயதில் கால் விரல் எடுக்கப்படுவதற்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

டின் பால்

1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகும் ஒரு குழந்தை நோயை உலகத்துக்கு விளக்கினார். அங்குள்ள மக்கள் அதை குவாஷியோர்கர் என்று அழைத்தார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் அது. அதே மருத்துவர் 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் பச்சைக் குழந்தைகள் இனிப்புக் கட்டிப்பால் குடித்துச் சாவதைப் பார்த்தார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டே பேசினார். குழந்தைக்கு ஏற்றதென்று அந்தப் பாலை விற்பது கொலைக்குச் சமம் என்பது அவர் வாதம்.

எண்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. நம் வீடுகளில் இன்னும் பால் புட்டியில் டின் பால் கலக்கிறது. இன்றைய டின்களில் பல, பாலே அல்ல. சீனியும் செம்பனை எண்ணெயும் சேர்ந்த கிரீமர். கைக்குழந்தைக்கு ஏற்றதல்ல என்று டின்னிலேயே மலாயில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பால் மாவு டின்னின் விலையைப் பார்த்த எந்தத் தாயையும் இதற்காகத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது அந்தத் தாயின் வீட்டில் உட்கார்ந்து, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், ஒரு வயதுக்கு மேல் சாதாரணப் பசும்பால் போதும், விளம்பரத்தில் வரும் விலையுயர்ந்த ‘வளர்ச்சிப் பால்’ கட்டாயமில்லை என்று சொல்ல வேண்டும். காசும் மிச்சம்.

கஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு மாதக் குழந்தையின் வயிறு சின்னது. தண்ணியான கஞ்சியை ஊற்றினால் வயிறு நிறையும், சக்தி சேராது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத அளவுக்குக் கட்டியாக இருக்கட்டும். அதில் ஒரு கரண்டி எண்ணெய், மசித்த பருப்பு அல்லது மீன், பொடித்த நெத்திலி, கொஞ்சம் கீரை. உப்புக் கருவாட்டைக் குழந்தைக்குத் தவிர்த்துவிடலாம். முட்டை சூடு, மீன் சளி என்று தள்ளி வைக்கும் பழக்கம் நம்மிடம் பலமாக இருக்கிறது. எக்குவடோர் நாட்டில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாத காலம் தினம் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்ததில், வளர்ச்சி குன்றுவது 47 விழுக்காடு குறைந்தது என்று 2017-இல் எழுதினார்கள். மலாவியில் அதே போலச் செய்தபோது உயரத்தில் அப்படிப்பட்ட மாற்றம் வரவில்லை; அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டு வந்தது ஒரு காரணமாக இருக்கலாம். ஆக முட்டை மந்திரம் இல்லை. முட்டையோ மீனோ ஒன்று கட்டாயம் வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி மட்டும் வேண்டாம். உணவில் இருக்கும் கொஞ்ச இரும்புச்சத்தையும் அது உடம்பில் சேர விடாது.

சமூகப் பணியாளர் எங்கே வருகிறார்

சத்துக் குறைபாடு டாக்டருடைய வேலை, உணவு நிபுணருடைய வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கிளினிக்கில் மிஸி எடை போட்டு, கோடு இறங்கியிருக்கிறது என்று எழுதித் தருவார். “பிள்ளைக்கு நல்லா சாப்பாடு கொடும்மா” என்பார். அந்தத் தாய் வீட்டுக்குத் திரும்பிய பிறகு நடப்பது யாருக்கும் தெரியாது. வீட்டில் கேஸ் தீர்ந்திருக்கலாம். கடையில் பற்று எகிறியிருக்கலாம். புருஷன் சம்பளத்தில் பாதி சம்சுவுக்குப் போகலாம். அவளுக்கே மனம் சோர்ந்து, பிள்ளை அழுதால் தூக்கத் தோன்றாத நிலை இருக்கலாம். இதையெல்லாம் வீட்டுக்குள் வந்து பார்க்கிற ஆள்தான் சமூகப் பணியாளர்.

மலேசியாவில் அவர் பல வடிவத்தில் இருக்கிறார். சமூகநல இலாகாவின் மாவட்ட அதிகாரி ஒருவர். சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் போன்ற பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று தனியாக உண்டு. அவர்களுக்கு வெளியே கோயில், இளைஞர் மன்றம், அரசு சாரா இயக்கங்கள் வழியாக வேலை செய்யும் தொண்டர்கள். ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளலாம், பிள்ளையைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்களே.

இந்த வேலை பலன் தருமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு பதில் இருக்கிறது. காமராசர், எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவுத் திட்டங்களை எல்லாரும் அறிவோம். அதே காலத்தில் 1980-இல் மதுரை மாவட்டத்தில் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று தொடங்கியது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் அந்த ஊர்ப் பெண் ஒருவரைப் பணியாளராகப் போட்டார்கள். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்திருந்த தாய்க்கு முன்னுரிமை. ‘இவளால் முடிந்தது என்றால் நம்மாலும் முடியும்’ என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் நினைக்க வேண்டும் என்பது கணக்கு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துமாவு உருண்டை, ஏறியதும் நிறுத்தம். எல்லாருக்கும் சாப்பாடு போடுவதைவிட, யாருக்குத் தேவை என்று மாதாமாதம் பார்ப்பதில் காசைச் செலவிட்டார்கள். கடுமையான சத்துக் குறைபாடு அந்தக் கிராமங்களில் தெளிவாகக் குறைந்தது.

இன்னொன்று ஜமைக்கா. 1980-களின் பிற்பாதியில் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சில வீடுகளுக்குப் பால் மாவு மட்டும். சில வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் போய், வீட்டில் கிடைத்த பொருள்களில் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். இன்னும் சில வீடுகளுக்கு இரண்டும். இரண்டு வருடம் நடந்தது. அந்தப் பிள்ளைகளை 22 வயதில் மறுபடி தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகம். பால் மாவு மட்டும் வாங்கியவர்களிடம் அப்படிப்பட்ட நீண்ட காலப் பலன் தெரியவில்லை. பால் வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கூடையைக் கதவருகே வைத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் நம் இயக்கங்கள் இந்த ஆய்வைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நடைமுறைக்கு வருவோம். வீட்டுக்குப் போகும் பணியாளர் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது கிளினிக் புத்தகம். பிறந்தபோது கொடுத்த அந்த வளர்ச்சிப் பதிவேட்டில் எடைக் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். பிள்ளை ஒல்லியா இல்லையா என்பதைவிடக் கோட்டின் போக்கு முக்கியம். இரண்டு மாதம் தொடர்ந்து கோடு படுத்திருந்தால் ஏதோ நடக்கிறது. புத்தகம் இல்லாத வீட்டில் மேல்கையை அளக்கும் நாடா உதவும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் மேல்கைச் சுற்றளவு 12.5 செண்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கவனம் தேவை. 11.5-க்குக் கீழே போனாலோ, இரண்டு பாதங்களும் வீங்கி அமுக்கினால் குழி விழுந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, அன்றே மருத்துவமனை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டிலேயே நிறைய ஊட்டித் தேற்றப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. மெலிந்த உடம்பு திடீர்ச் சாப்பாட்டைத் தாங்காது.

பேசும் விதமும் வேலையில் ஒரு பகுதிதான். “என்னம்மா, பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா?” என்று கேட்டால் அடுத்த முறை கதவு திறக்காது. “தம்பி நேத்து காலையில என்ன சாப்பிட்டான்? மத்தியானம்? யார் ஊட்டினாங்க?” என்று கேட்டால், “பாட்டிதான் ஊட்டுனாங்க அக்கா, நான் வேலைக்குப் போயிட்டேன்” என்று பதில் வரும். அப்போது பேச வேண்டியது பாட்டியிடம் என்று தெரிந்துவிடும். பல வீடுகளில் நாம் தாய்க்குப் பாடம் எடுக்கிறோம்; சமைப்பதும் ஊட்டுவதும் வேறு ஒருவர்.

உதவிகள் இருக்கின்றன, போய்ச் சேருவதில்லை

சுகாதார அமைச்சு 1989 முதல் எடை குறைந்த ஏழைப் பிள்ளைகளுக்கான மீட்புத் திட்டத்தை நடத்தி வருகிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு மாதம் ஓர் உணவுக் கூடை; கிளினிக் வழியாகத்தான் பதிய வேண்டும். பள்ளியில் கூடுதல் உணவுத் திட்டம் உண்டு. சமூகநல இலாகாவின் பிள்ளைகள் உதவித் தொகை 2021-இல் ஆறு வயது வரை மாதம் 200 வெள்ளி, ஏழு முதல் 18 வயது வரை 150 வெள்ளி, ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 1,000 வெள்ளி என்று உயர்த்தப்பட்டது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பிள்ளை ஒன்றுக்கு மேலும் 50 வெள்ளி கூடியது. மைகாட்டில் வரும் சாரா உதவியில் அரிசி, முட்டை போன்ற அடிப்படைப் பொருள்களை வாங்கலாம்.

இத்தனை இருந்தும் ஏன் எண்கள் அசையவில்லை? உணவுக் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். அது எடை குறைந்த ஒரு பிள்ளைக்கு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது. வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் சாப்பிடுவார்கள். எந்தத் தாயும் ஒரு பிள்ளைக்கு மட்டும் பாலைக் கலக்கி மற்றதைப் பார்க்க வைக்க மாட்டாள். பத்து நாளில் கூடை காலி. அடுத்த மாதம் எடை போடும்போது அதே கோடு. ‘கொடுத்தும் பயனில்லை’ என்று எழுதப்படும். இங்கேதான் ஒரு பணியாளர் குடும்பம் முழுவதற்கும் வேறு என்ன வழி என்று பார்த்திருக்க வேண்டும்: மூத்த பிள்ளைக்குப் பள்ளி உணவுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, தகப்பனின் சொக்சோ பணம் நிற்கிறதா, இ-காசே பட்டியலில் பதிவு இருக்கிறதா. விண்ணப்பப் பாரமெல்லாம் மலாயில், இப்போது பெரும்பாலும் இணையத்தில். கைப்பேசியில் டேட்டா இல்லாத ஒரு பாட்டியால் அதை நிரப்ப முடியாது. உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பதும் சமூகப் பணிதான், பெருமையாக இல்லாவிட்டாலும்.

இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை பத்திரம். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து, கோயிலில் தாலி கட்டினாலும் பதிவு செய்யாத திருமணம் சட்டப்படி திருமணம் ஆகாது. அப்படிப்பட்ட உறவில் தாய் வெளிநாட்டவராக இருந்தால், தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைப்பதில்லை. பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதியாமல் விட்ட வீடுகளும் உண்டு. பத்திரம் இல்லாத பிள்ளைக்கு உதவித் தொகை இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள் என்ற பயத்தில் தாய் பிள்ளையைக் கொண்டே போவதில்லை. எடைக் கோடு போடப்படாத பிள்ளை எந்த ஆய்விலும் வராது. இப்படி ஒரு வீட்டைக் கண்டால், முட்டையும் நெத்திலியும் வாங்கிக் கொடுத்த கையோடு தேசியப் பதிவு இலாகாவுக்கும் கூட்டிப் போக வேண்டும். தாமதப் பதிவுக்குச் சாட்சிகள் தேவைப்படும். பிரசவம் பார்த்த மருத்துவமனையின் தாள், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் கடிதம், எதுவும் உதவும். குடியுரிமைக்கு அரசியல் சட்டத்தின் 15ஏ பிரிவில் விண்ணப்பிக்கலாம். வருடக் கணக்கில் இழுக்கும். பாதியில் விட்டுவிடாமல் அந்தக் கோப்பைப் பின்தொடர ஓர் ஆள் வேண்டும்.

கடைசியாக, பலர் கேட்கத் தயங்கும் கேள்வி. மெலிந்த பிள்ளையைப் பற்றிப் புகார் கொடுத்தால் இலாகா பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுமா? 2001 சிறார் சட்டப்படி, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை எடுத்துக் காப்பகத்தில் வைக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அடிப்பது, பூட்டி வைப்பது, வசதி இருந்தும் சோறு போடாதது போன்ற நிலைகளில் அந்த அதிகாரம் தேவை. ஆனால் ஏழ்மை குற்றமல்ல. சம்பளம் போதாமல் பிள்ளை மெலிந்திருக்கும் வீட்டிலிருந்து பிள்ளையைப் பிரிப்பது இன்னொரு காயத்தை உண்டாக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியப் பல முறை வீட்டுக்குப் போக வேண்டும், அக்கம்பக்கத்தில் பேச வேண்டும், ஆசிரியரைக் கேட்க வேண்டும். ஒரே வருகையில் முடிவெடுப்பவர் தவறு செய்வார்.

பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால் 15999 தாலியான் காசே எண்ணை அழைக்கலாம். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அதற்கு முன், அந்த வீட்டுக் கதவைத் தட்டி, “அக்கா, நாளைக்கு நான் கிளினிக்குப் போறேன், தம்பியையும் தூக்கிட்டு வாங்க, ஒன்னா போயிட்டு வரலாம்” என்று கேட்டுப் பாருங்கள். கிளினிக் புத்தகத்தை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.